பேய் கதவைத் திறக்கட்டும், பெயரைச் சொல்ல வேண்டாம்

கேள்வி: அமெரிக்க நெடுஞ்சாலை மோட்டல் ஒன்றில் நடக்கும் பேய் மர்ம நாவல் படிக்கிறேன். ஒரு அத்தியாயம் 1982, அடுத்தது 2017. சூடு பிடிக்கும் நேரத்தில் காலம் மாறிவிடுகிறது. 1982-ஐ மட்டும் முதலில் படித்து முடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இப்படி ஒரு நாவலில் நான் ஒற்றைப்படை அத்தியாயங்களை மட்டும் படித்துப் பார்த்தவன். கொலையாளி யார் என்று ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டது. மீதிப் பாதி ஆறிய காபி. பழைய காலத்தில் ஒருத்தன் பதிவேட்டில் பொய்ப் பெயர் எழுதுவதை நாம் பார்த்திருப்போம். பிற்காலத்துப் பெண் அதே பக்கத்தைப் புரட்டி, அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவாள். 'அடிப்பாவி, அதுதான்!' என்று கத்தத் தோன்றும். மாற்றி மாற்றிப் படித்தால்தான் அந்தப் பதைப்பு கிடைக்கும்.

கேள்வி: பேய்க்கு மோட்டல்தான் கிடைத்ததா? பெரிய ஹோட்டலில் இருக்கக்கூடாதா?

பதில்: இருக்கலாம். ஆனால் அங்கே அறைக்குப் போக வரவேற்பறையைத் தாண்ட வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள். மோட்டலில் காரை அறை வாசலிலேயே நிறுத்தலாம். கூட வந்தது யார், திரும்பிப் போனது யார் என்று பார்க்க ஆள் கிடையாது. 'மோட்டார்', 'ஹோட்டல்' இரண்டையும் ஒட்டி அந்தப் பெயரை வைத்தவர் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டிடக் கலைஞர். 1925-இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் அவருடைய மோட்டல் திறந்தது. 1940-இலேயே எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர், சாலையோர விடுதிகள் குற்றவாளிகளின் கூடாரம் என்று பத்திரிகையில் எழுதினார்.

அப்புறம் 1956-இல் நாடு முழுக்க விரைவுச் சாலை போடச் சட்டம் வந்தது. புதுச் சாலை விலகிப் போன இடங்களில் பழைய மோட்டல்கள் காற்று வாங்கின. அவற்றின் நியான் பலகையில் 'வேகன்சி' எப்போதும் எரியும். அறைகள் நிறைந்தால்தான் அதற்கு முன்னால் 'நோ' எரியும். வருஷக்கணக்கில் எரியாத அந்த 'நோ' ஒரு நாள் ராத்திரி தானாக எரிகிறது என்று எழுதினால் போதும், எனக்குத் தூக்கம் போய்விடும்.

கேள்வி: பழைய கதை ஏன் பெரும்பாலும் 1980 வாக்கில் நடக்கிறது?

பதில்: எழுத்தாளரின் வசதிதான். செல்போன் கையில் இல்லாத காலம். குற்ற வழக்கில் டி.என்.ஏ. சோதனை முதன்முதலாகப் பயன்பட்டதே 1986-இல், இங்கிலாந்தில். ஆகவே 1982-இல் காணாமல் போன பெண்ணின் வழக்கு கிடப்பில் போனால் வாசகர் சந்தேகப்பட மாட்டார். அன்று நைட் டூட்டி பார்த்தவர்களும் 2017-இல் உயிரோடு இருப்பார்கள், விசாரிக்கலாம்.

கேள்வி: துப்பறியும் கதையில் பேய் வருவது போங்கு இல்லையா?

பதில்: அது செய்கிற வேலையைப் பொறுத்தது. கதவு திறக்கட்டும், ஆளில்லாத அறையில் சிகரெட் வாசனை வரட்டும், சரி. கொலையாளியின் பெயரைப் பேயே சொன்னால் மட்டும் போங்கு. அப்படி ஒரு நாவலை, முடிய இருபது பக்கம் இருக்கும்போது மூடி வைத்தேன். இன்னும் திறக்கவில்லை.