வீட்டுக் கணினிகளுக்குப் பொதுவாக ஒரு நாஸ் வைக்க எங்கிருந்து தொடங்குவது?

மூன்று கணினிகளிலும் போன்களிலும் கோப்புகள் சிதறிக் கிடக்கின்றன, எல்லாருக்கும் பொதுவாக ஒரு நாஸ் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி, எல்லாரும் கோப்புகளைப் போட்டு எடுக்கும் டிஸ்க் பெட்டி. ஆனால் அந்தப் பெட்டியைத் தேடும் முன் உங்கள் நெட்வொர்க் கேபிளைப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. முதல் நாள் 400 ஜிபி படங்களை ஏற்ற ஆரம்பித்தபோது வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவே இல்லை. பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். செட்டிங்கை மாற்றினேன், டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்சில் நாஸ் மாட்டிய போர்ட்டின் விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிவது கண்ணில் பட்டது. கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்பு வயர் ஒன்று பின்னைத் தொடாமல் பாதியிலேயே நின்றிருந்தது. கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) வேகத்துக்கு எட்டு வயரும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு, அதாவது நடைமுறையில் நொடிக்கு சுமார் 11 எம்பிக்கு, நாலே போதும் என்பதால் இணைப்பு துண்டாகாது, வேகம் மட்டும் விழுந்துவிடும். கிகாபிட் தாங்கும் நல்ல கேட் 5இ கேபிள் ஒன்றை மாட்டியதும் 110 எம்பி வந்தது. பத்து மணி நேரம் ஆகியிருக்க வேண்டியது ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

பெட்டியைப் பொறுத்தவரை, சும்மா முயன்று பார்க்க ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் ஒரு டிஸ்க் போதும். பழைய கணினி இருந்தால் அதை நாஸாக மாற்றும் ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளைப் போடலாம், மின்சாரம் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். நிரந்தரமாக என்றால் இரண்டு டிஸ்க் போடும் நாஸ்தான் என் தேர்வு. டிஸ்க் சிஎம்ஆர் வகையா (தகவல் தடங்களைத் தனித்தனியாக எழுதுவது) என்று பார்த்து வாங்குங்கள். தடங்களை ஒன்றின் மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் வகையில், பழுதான டிஸ்க்கை மாற்றி மறுபடி நகலெடுப்பது உயிர் போகும் அளவுக்கு மெதுவாக நடக்கும். அப்புறம், ரவுட்டரில் நாஸுக்கு மாறாத ஒரு ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி) ஒதுக்கிவிடுங்கள், கணினிகள் அதை எப்போதும் அதே இடத்தில் கண்டுபிடிக்கும்.

இரண்டு டிஸ்க்கையும் ரெய்டு 1 ஆக, அதாவது இரண்டிலும் ஒரே தகவல் எழுதப்படும்படி வைத்தால் ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். அதை பேக்கப் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். என் மகளின் முதல் வருடப் படங்கள் இருந்த ஃபோல்டரை ஒருநாள் தவறுதலாக அழித்துவிட்டேன். இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அதே நொடியில் போய்விட்டது. நெட்வொர்க் ஃபோல்டரில் அழிப்பது விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. முந்தின வாரம் தனி யுஎஸ்பி டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன், கை நடுக்கம் அடங்கத்தான் நேரமாயிற்று. நாஸில் ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைத்து, பிறகு மீட்க உதவுவது) வசதி இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள். யுஎஸ்பி நகலை எடுத்ததும் கழற்றி வையுங்கள்.

கழற்றச் சொல்வதற்குக் காரணம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். ஒரு கணினியில் புகுந்தால், அந்தக் கணினி எழுத முடிந்த பொது ஃபோல்டர்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். நாஸில் அது இயங்கினால் அணைத்துவிடுங்கள். வீட்டில் ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். பழைய படங்கள் இருக்கும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதித்தால் போதும். வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட்டை (இணையத்திலிருந்து நேராக நாஸுக்கு வரும் வழி) திறந்துவிடாதீர்கள், வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய பாதை போடும் விபிஎன் வழியாக வாருங்கள்.

சரி, முதலில் ஒரு பெரிய கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு கேபிள் வழியாக அனுப்பிப் பாருங்கள். எத்தனை எம்பி வருகிறது என்று கீழே எழுதுங்கள், எந்த டிஸ்க், எவ்வளவு பெரியது என்பதை அப்புறம் பார்க்கலாம்.