பர்க், போர்க், டி பர்க்: மூன்றும் ஒரே குடும்பப் பெயரா? எங்கிருந்து வந்தது?

பர்க், போர்க், டி பர்க் என்று மூன்று விதமாகப் பார்ப்பதாகவும், இவர்கள் ஆங்கிலேயரா, பிரெஞ்சுக்காரரா, ஐரிஷ்காரரா என்று புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே பெயர்தான், எழுத்துதான் வேறு. யார் என்ற கேள்விக்கு, எந்த நூற்றாண்டைக் கேட்கிறீர்களோ அதற்குத் தகுந்த பதில்தான் சொல்ல முடியும்.

எனக்கு இந்தப் பெயர் மேல் அக்கறை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஏரிக்கரை வேப்பமரத்தடியில் ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமார் என்று கும்பிடுவோம். கல்லூரியில் சேர்ந்த வருடம் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உறுப்பினரானேன். அந்தப் பெயரும் கன்னிமாரிலிருந்து வந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலைக்காக அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே நகரத்தில் இரண்டு வருடம் இருந்தேன். போன முதல் வாரமே சாலைப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன். கால்வேக்கு மேற்கே பாறையும் சதுப்பு நிலமுமாகக் கிடக்கிற கடலோரப் பகுதிக்குப் பெயர் கானமாரா. நம் வாயில் அது கன்னிமாரா. அந்த இடத்தின் பெயரைப் பட்டமாக வைத்துக்கொண்ட சென்னை ஆளுநர் ஒரு போர்க். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன்.

பெயரைப் பிரித்தாலே பாதிக் கதை வந்துவிடும். 'டி' பிரெஞ்சு, 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள். 'பர்க்' பழைய ஆங்கிலம், அரண் உள்ள இடம் என்று பொருள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு பேசிய பிரபுக்களில் பலர் தங்களுக்குக் கிடைத்த ஆங்கிலேய ஊரின் பெயருக்கு முன்னால் 'டி' போட்டுக்கொண்டார்கள். இந்தக் குடும்பத்தின் ஊர், இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக்கில் உள்ள பர்க் என்ற சிற்றூர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பிற்காலத்தில் வம்சாவளி எழுதியவர்கள் சார்லமேன் சக்கரவர்த்தி வரை கோடு இழுத்துவிட்டார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அதே காலத்தில் அயர்லாந்தில் இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஆல்டெல்ம் என்ற வேறொரு அதிகாரியையும் இந்தக் குடும்பத்து வில்லியமையும் ஒரே ஆள் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பழைய புத்தகங்களைப் புரட்டினால் இந்தக் குழப்பம் இன்னும் கண்ணில் படும்.

அயர்லாந்துக்கு முதலில் போனவர் வில்லியம் டி பர்க். 1185-ல் இளவரசர் ஜானோடு போனார். அவர் தம்பி ஹியூபர்ட் இங்கிலாந்திலேயே தங்கி, நாட்டின் தலைமை நீதி அதிகாரியாக உயர்ந்து, 1216-ல் டோவர் கோட்டையைப் பிரெஞ்சுப் படையிடமிருந்து காத்தவர். அண்ணனுக்குக் காடும் மேடுமான அயர்லாந்து, தம்பிக்கு அரசவை. ஆனால் பெயர் பெருகியது அண்ணன் போன இடத்தில்தான். வில்லியம், தோமண்ட் என்ற ஐரிஷ் நாட்டின் அரசர் ஓ'பிரையனின் மகளை மணந்ததாகச் சொல்வார்கள். அவர் மகன் ரிச்சர்ட் 1235-ல் மேற்கே கொனாக்ட் மாகாணத்தின் பெரும்பகுதியைப் பிடித்தார். கால்வே நகரம் வளர்ந்தது இவர் கட்டிய கோட்டையைச் சுற்றித்தான். ரிச்சர்டின் பேரனுக்கும் ரிச்சர்ட் என்றுதான் பெயர். 'சிவப்பு ஏர்ல்' என்று அழைக்கப்பட்டவர், வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தின் பிரபு (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்). அவர் மகள் எலிசபெத் 1302-ல் ஸ்காட்லாந்தின் ராபர்ட் புரூஸை மணந்து, பிறகு அந்த நாட்டின் ராணியானார்.

கால்வேயில் 1997-ல் ஓர் அரசுக் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது இந்தச் சிவப்பு ஏர்லின் மண்டபத்து அடிச்சுவர்கள் கிடைத்தன. இப்போது கண்ணாடித் தரை போட்டு மேலே நடந்து பார்க்க விட்டிருக்கிறார்கள். நான் மூன்று முறை போனேன். முழங்கால் உயரத்துக்குத்தான் சுவர் மிச்சம். இதில் உட்கார்ந்துதான் வரி வாங்கினார்கள், வழக்குத் தீர்த்தார்கள், விருந்து வைத்தார்கள்.

எல்லாம் ஒரு கொலையில் தலைகீழானது. நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். சிவப்பு ஏர்லின் பேரன் வில்லியம், 'பழுப்பு ஏர்ல்'. தன் பங்காளியான வால்டரைப் பிடித்து வடக்கே ஒரு கோட்டையில் அடைத்தார். வால்டர் 1332-ல் பட்டினி கிடந்து செத்தார். டெர்ரி நகரத்தின் சின்னத்தில் பாசி படிந்த கல் மேல் ஓர் எலும்புக்கூடு உட்கார்ந்திருக்கும். அது வால்டர்தான் என்பது அந்த ஊர் வழக்கு. வால்டரின் சகோதரி பழிவாங்கத் தூண்ட, 1333 ஜூனில் காரிக்ஃபெர்கஸ் பக்கத்தில் பழுப்பு ஏர்லை அவருடைய ஆட்களே வெட்டிக் கொன்றார்கள். அப்போது அவருக்கு இருபது வயது. வாரிசு, பதினோரு மாதப் பெண் குழந்தை.

ஆங்கிலேயச் சட்டப்படி அத்தனை நிலமும் அந்தக் குழந்தைக்கு. அவள் யாரை மணக்கிறாளோ அவருக்குப் போய்விடும். கொனாக்டில் வாள் பிடித்து நிலத்தைக் காத்துவந்த ஆண் பங்காளிகள் இதை ஏற்பார்களா? ஐரிஷ் வழக்கத்தில் பெண் வழியாக ஆட்சி போகாது, குலத்தில் வலுவான ஆண் தலைவனாவான். அவர்கள் அந்த வழக்கத்துக்கு மாறிக்கொண்டார்கள். 1338-ல் எட்மண்ட் என்ற பங்காளி, சிவப்பு ஏர்லின் மகனைப் பிடித்து, கழுத்தில் கல்லைக் கட்டி மாஸ்க் ஏரியில் அமுக்கிக் கொன்றார். நம் ஊரில் பங்காளிச் சண்டையால் பாழான குடும்பங்களைப் பார்த்திருக்கிறோமே, அந்தக் கணக்குதான் இது. கோட்டையும் படையும் கூடுதலாக இருந்தன.

முடிவில் கொனாக்ட் இரண்டானது. வடக்கே மேயோ கிளை, தெற்கே கால்வே கிளை. இரண்டின் தலைவர்களும் ஏர்ல் பட்டத்தைத் தேடாமல், முதல் வில்லியமின் பெயரால் 'மக் வில்லியம்' என்று ஐரிஷ் முறையில் பட்டம் கட்டிக்கொண்டார்கள். டி பர்க் 'டி பூர்க்கா' ஆனது இப்படித்தான். அவர்கள் ஐரிஷ் பேசினார்கள், ஐரிஷ் சட்டத்தில் வழக்குத் தீர்த்தார்கள், ஐரிஷ் புலவர்களைப் பாடவைத்தார்கள். அந்தக் குழந்தை எலிசபெத் வளர்ந்து, மூன்றாம் எட்வர்ட் அரசரின் மகன் லயனலை மணந்தாள். மனைவியின் நிலத்தை மீட்க லயனல் 1361-ல் அயர்லாந்துக்கு வந்தார். கொனாக்ட் கைக்கு வரவேயில்லை. 1366-ல் அவர் கூட்டிய கில்கென்னி நாடாளுமன்றம், குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் பேசக் கூடாது, ஐரிஷ் பெயர் வைக்கக் கூடாது, ஐரிஷ்காரரோடு மண உறவு கூடாது என்று சட்டம் போட்டது. மேயோவில் அதைக் கேட்க ஆளில்லை.

உங்கள் கேள்விக்கு அவசியமான இன்னொரு செய்தி: கிளைகளுக்குள்ளும் பெயர் உடைந்தது. ஜான் என்ற ஒருவரின் வழிவந்தவர்கள் 'சின்ன ஜானின் மகன்' என்று பெயர் கொண்டு, ஆங்கிலத்தில் ஜென்னிங்ஸ் ஆனார்கள். கில்பர்ட் வழி கிப்பன்ஸ், பிலிப் வழி ஃபில்பின். மேயோவில் இந்தப் பெயர்களோடு இருக்கும் பலர் வம்சத்தால் பர்க்குகள். எனவே பர்க் என்ற பெயர் இல்லாத பர்க்குகளும் உண்டு.

அப்புறம் ஆங்கில அரசு மறுபடி வலுத்தது. 1543-ல் எட்டாம் ஹென்றியிடம் நிலத்தைக் கொடுத்துத் திரும்பப் பெற்று, கால்வே கிளைத் தலைவர் யூலிக் கிளான்ரிக்கார்ட் ஏர்ல் ஆனார். மேயோ கிளையில், கடல் தலைவி என்று புகழ்பெற்ற கிரேன் ஓ'மேலியின் மகன் திப்போட் 1627-ல் மேயோ பிரபு ஆனார். இவர் சிறையில் இருந்தபோதுதான் தாய் 1593-ல் லண்டனுக்குக் கப்பலேறி எலிசபெத் ராணியையே நேரில் பார்த்துப் பேசினார். 1691-ல் ஆக்ரிம் போரில் கத்தோலிக்கப் படை தோற்ற பிறகு பல பர்க்குகள் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் படைவீரர்களாகப் போனார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் மேயோ அடிபட்டபோது சாதாரண பர்க்குகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். 'போர்க்' பெரும்பாலும் மேயோ பக்கம் நிலைத்தது, 'பர்க்' பெரும்பாலும் மற்ற இடங்களில். 'டி பர்க்' என்று இப்போது இருந்தால் அது நார்மன் காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கிளான்ரிக்கார்ட் குடும்பமே பர்க் என்று இருந்து, 1752-ல் அரச அனுமதி வாங்கித்தான் 'டி பர்க்' என்று மாற்றிக்கொண்டது.

நம் பக்கம் வந்தவர்கள் மேயோ பெயர்க்காரர்கள். ஆறாவது மேயோ ஏர்ல் ரிச்சர்ட் போர்க் 1869-ல் இந்தியாவின் வைஸ்ராய் ஆனார். 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானில், போர்ட் பிளேர் படகுத்துறையில், ஷேர் அலி அஃப்ரிடி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார். அவர் தம்பி ராபர்ட் போர்க் 1886-ல் சென்னை ஆளுநராக வந்து, அடுத்த வருடம் கானமாரா பிரபு ஆனார். 1890 மார்ச்சில் நூலகத்துக்கு அடிக்கல் நட்டுவிட்டு அந்த வருடமே ஊர் திரும்பினார். நூலகம் திறந்தது 1896 டிசம்பர் 5. அவருக்குப் பிள்ளை இல்லாததால் 1902-ல் பட்டம் அவரோடு முடிந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கையும் சொல்லாமல் இருக்க முடியாது. பிரபு வீட்டுப் பிள்ளை அல்ல, டப்ளின் வழக்கறிஞர் ஒருவரின் மகன். 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஆற்காடு நவாபின் கடன்கள் பற்றிப் பேசினார். விசாரணையே இல்லாமல் கடன்காரர்களுக்கு நம் நிலவரியிலிருந்து பணம் போவதை எதிர்த்த பேச்சு அது. அதில் சென்னையைச் சுற்றிய கம்பெனி ஜாகிரின் (நவாப் கம்பெனிக்குக் கொடுத்த நிலப்பகுதி) வரைபடத்தை வைத்துக்கொண்டு, உட்கார்ந்து ஏரிகளை எண்ணியதாகச் சொல்கிறார்: ஆயிரத்து நூறுக்கும் மேல். இவற்றை வெட்டிய அரசர்கள்தான் மெய்யான அரசர்கள் என்கிறார். அந்த ஜாகிர்தான் பிற்பாடு எங்கள் செங்கல்பட்டு மாவட்டம். கன்னிமார் கல் இருக்கிற எங்கள் ஏரியையும் அவர் விரல் தொட்டு எண்ணியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

சரி, நீங்கள் ஒரு குறிப்பிட்ட பர்க் குடும்பத்தைத் தேடுகிறீர்கள் என்றால் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள், ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் போய்விட்டது; 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசே அழித்துவிட்டது. 1901, 1911 கணக்குகள் முழுதாக இருக்கின்றன. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எந்தக் கிராமம் என்று தெரிந்தால் வீட்டு வாரியாகக் கிடைக்கும்.

கால்வேயில் என்னோடு வேலை பார்த்த ஒரு பர்க் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு சனிக்கிழமை இதைத் தேடினோம். ஐரிஷில் கையெழுத்துப் போடும்போது அவர் 'டி பூர்க்கா' என்றுதான் போடுவார். ஐரிஷ் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் பெண்ணுக்கு வேறு வடிவம் எடுக்கும், இது மாறாது. 'டி' அங்கே அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. மேயோவில் அவருடைய கொள்ளுத்தாத்தா வீடு கிடைத்தது. 1901 தாளில் பர்க். 1911 தாளில் அதே வீடு, அதே மனைவி, அதே பிள்ளைகள், பெயர் மட்டும் போர்க். மொழி என்ற கட்டத்தில் கொள்ளுத்தாத்தாவுக்கு நேராக 'ஐரிஷும் ஆங்கிலமும்' என்று எழுதியிருந்தது. கொள்ளுப்பாட்டிக்கு நேராக 'ஐரிஷ்' மட்டும்.