பழைய .22 ரிம்ஃபயர் ரைஃபிள்களைச் சேர்க்கவும் வேண்டும், சுடவும் வேண்டும்: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வின்செஸ்டர், மார்லின், ரெமிங்டன் என்று மூன்று அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் பெயர்களைச் சொல்லி, இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் வந்த .22 ரைஃபிள்களைச் சேர்க்க ஆசை, ஆனால் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க அல்ல, சுடுவதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் வாங்கப்போவதாக எழுதியிருப்பதால் அந்தச் சந்தையை வைத்தே சொல்கிறேன்.

மேல்பூச்சின் பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். பேரலின் உட்புறத்துக்கும் சேம்பரின் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) வாய்க்கும் காசு கொடுங்கள். சுடுவதற்கு வாங்கும் .22 நன்றாக இருக்குமா இருக்காதா என்பதை இந்த இரண்டு இடங்கள்தான் முடிவு செய்கின்றன. காரணம் தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது.

ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து, அடிப்பகுதியின் மடிந்த விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) அந்த விளிம்பைச் சேம்பரின் ஓரத்தோடு வைத்து நசுக்கும்போதுதான் அது பற்றுகிறது. ஆக, இங்கே பட்டடை வேலை பார்ப்பது சேம்பரின் ஓரம். காலித் துப்பாக்கியில் டிரிக்கரை இழுத்தால் சில மாடல்களில் பின் நேராக அந்த ஓரத்தில் போய் இடிக்கும். பல தலைமுறைச் சிறுவர்கள் அப்படிக் கிளிக் கிளிக் என்று விளையாடிய ரைஃபிளில், ஓரத்தில் சின்னப் பள்ளமும், அதையொட்டிச் சேம்பருக்குள் ஒரு பிசிறும் இருக்கும். பள்ளத்தால் அடி பலவீனமாகித் தோட்டா வெடிக்காமல் போகும். பிசிறால் வெடித்த கூடு வெளியே வராமல் ஒட்டிக்கொள்ளும்.

பேரல் கெட்டுப்போவதற்குக் காரணம் வேறு. பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் உப்பாக உள்ளே படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். கருமருந்துக் காலத்தில் எல்லோரும் சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவியதால் உப்பும் போய்விட்டது. புகையில்லா மருந்து வந்ததும் கழுவும் பழக்கம் நின்றது, உப்பு மட்டும் தங்கியது. ரெமிங்டன் 'கிளீன்போர்' போன்ற அரிக்காத தோட்டாக்கள் 1920களின் பிற்பகுதியில்தான் வந்தன. அதனால் அதற்கு முந்தைய ரைஃபிள்களில் வெளியே அழகாகவும் உள்ளே இருண்டும் இருப்பவை ஏராளம்.

விற்பவரின் மேசைக்குப் போகும்போது ஒரு சின்ன எல்.இ.டி. டார்ச், .22 க்ளீனிங் ராட், பத்துப் பதினைந்து துணித்துண்டுகள், பஞ்சு சுற்றிய காது குடையும் குச்சி, இரண்டு மூன்று ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எதற்கும் முன்னால் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். குழாய் மேகஸின் உள்ள பம்ப் (முன்பிடியை இழுத்துத் தள்ளி இயக்குவது), லீவர் (டிரிக்கருக்கு அடியில் உள்ள நெம்புகோலால் இயக்குவது) மாடல்களில் உள்குழாயை உருவிய பிறகும் ஒரு தோட்டா, அதைச் சேம்பருக்குத் தூக்கிக் கொடுக்கும் கேரியரில் ஒளிந்திருக்கும். ஆக்ஷனை (தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் இயக்கமுறையை) நாலைந்து முறை முழுதாக இயக்கி, டார்ச் அடித்துச் சேம்பரைக் கண்ணால் பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

பிறகு அனுமதி கேட்டு, ஒரு உலர்ந்த துணித்துண்டை முதலில் தள்ளி அழுக்கை எடுங்கள். அழுக்கோடு பார்த்தால் நல்ல பேரலும் கெட்டதாகத் தெரியும். விற்பவர் தாராளமாக எண்ணெய் விட்டு வைத்திருந்தால் கெட்ட பேரலும் நல்லதாகத் தெரியும். அடுத்து, சற்றே இறுக்கமான துணித்துண்டை மெதுவாக, ஒரே வேகத்தில் தள்ளுங்கள். சொரசொரவென்று கையில் தட்டினால் துருக்குழியோ ஈயப் படிவோ இருக்கிறது. ஓர் இடத்தில் திடீரென்று தளர்ந்து மறுபடி இறுகினால் அங்கே பேரல் உப்பியிருக்கிறது. உள்ளே சிக்கிய குண்டின் மேல் இன்னொன்றைச் சுட்டதன் விளைவு அது. டார்ச் வெளிச்சத்தில் அந்த இடம் கறுப்பு வளையமாகத் தெரியும். வெளியே விரலால் தடவினால் சில சமயம் மேடும் தட்டுப்படும். அதை வாங்க வேண்டாம்.

உள்ளே லேசான மங்கல் மட்டும் என்றால் பயப்படாதீர்கள். குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பல மங்கலான பேரல்கள் அருமையாகச் சுடுகின்றன. ஆழமான குழிகள்தான் தொல்லை: முதல் பத்து, இருபது குண்டுகள் ஒழுங்காகப் போகும், பிறகு குழிகளில் ஈயம் ஏறிக் குரூப் (இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம்) விரியும். குழல் வாயையும் பார்க்க வேண்டும். பம்ப், லீவர் மாடல்களை முன்பக்கமிருந்தே துடைப்பார்கள், அதனால் அங்கே ராட் உரசி வரிகள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு நூல் மாட்டும்.

பேரல் போய்விட்டது, ஆனால் ஆக்ஷன் உயிரோடு இருக்கிறது, விலையும் மலிவு என்றால் லைனர் போடலாம். பேரலைத் துளைத்து, வரி போட்ட மெல்லிய எஃகுக் குழாயைச் செருகுவது. .22க்கு வெளிவிட்டம் 5/16 அங்குல லைனர் பரவலாகக் கிடைக்கிறது. சுடுபவருக்கு இது முழுத் தீர்வு, சேகரிப்பு மதிப்பைத் தேடுபவருக்கு அல்ல. சேம்பர் ஓரத்தின் பிசிறுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். சேம்பர் அயர்ன் என்ற மெருகேற்றிய கூம்புக் கருவி இருக்கிறது. அதை உள்ளே விட்டுத் திருப்பினால், உள்ளே தள்ளப்பட்ட உலோகம் தன் இடத்துக்கே திரும்பப் போகும். அரத்தால் ராவினால் போன உலோகம் திரும்ப வராது, ராவ விடாதீர்கள்.

பேரலில் பொறித்த எழுத்தைப் படிக்காமல் ஒரு தோட்டாவும் வாங்கக் கூடாது. .22 என்று பொறித்திருப்பதெல்லாம் ஒன்றல்ல. வின்செஸ்டர் 1890 பம்ப் ரைஃபிளில் ஷார்ட், லாங், லாங் ரைஃபிள், டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம்ஃபயர்) என்ற தோட்டா வகைகளுக்குத் தனித்தனிச் சேம்பர்கள் உண்டு, ஒன்றில் மற்றது ஓடாது. டபிள்யூ.ஆர்.எஃப். சேம்பர் அகலமானது, அதில் லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கூடு கிழிந்து சூடான வாயு முகத்துக்கு வரும். வின்செஸ்டர் 1903 செமி ஆட்டோமேட்டிக்குக்கு .22 வின்செஸ்டர் ஆட்டோமேட்டிக் என்று தனித் தோட்டா. அது இன்று எளிதில் கிடைக்காது, ஆகவே அழகில் மயங்கி அதை முதல் ரைஃபிளாக வாங்கிவிடாதீர்கள். ஷார்ட்டுக்கென்று செய்த 1890 பல, பொருட்காட்சி ஷூட்டிங் கேலரிகளில் ஓய்வில்லாமல் ஓடியவை, உள்ளுறுப்புகள் தேய்ந்திருக்கும். லாங் ரைஃபிள் சேம்பரில் வருடக்கணக்காக ஷார்ட்டையே சுட்டிருந்தால், ஷார்ட் கூடு முடியும் இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாக இறுகியிருக்கும். லாங் ரைஃபிள் கூடு அங்கே மாட்டும். பல நேரம் நன்கு ஊறவைத்து வெண்கல பிரஷ்ஷால் தேய்த்தாலே போய்விடும்.

முதல் ரைஃபிளாக எதை வாங்குவது? என் வரிசை இது. வின்செஸ்டர் 1906 அல்லது அதன் வாரிசாக 1932இல் வந்த மாடல் 62. வெளியே சுத்தியல் தெரியும் பம்ப். 1908க்குப் பிந்தைய 1906களும் 62இன் வழக்கமான பதிப்பும் மூன்று நீளத் தோட்டாக்களையும் ஏற்கும், பக்கத்துத் திருகைத் தளர்த்தினால் இரண்டாகப் பிரியும். ஒன்று கவனம்: டிரிக்கரைப் பிடித்தபடியே பம்ப் செய்தால், ஆக்ஷன் மூடும்போதே சுட்டுவிடும். அதைத் தடுக்கும் டிஸ்கனெக்டர் என்ற உறுப்பு அதில் கிடையாது. காலியாக வைத்து, சுத்தியலைப் பாதி நிலையில் நிறுத்தி டிரிக்கரை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பள்ளம் தேய்ந்துவிட்டது, கைவிடுங்கள். அடுத்தது மார்லின் 39ஏ, லீவர். 1891 மாடலிலிருந்து நேராக வந்த பரம்பரை, கழற்றித் துடைக்க எளிது, உழைக்கும். ஆனால் அதற்கு முந்தைய மாடல் 39 என்றால், தொடர் எண்ணுக்கு முன் எச்.எஸ். என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள். அவை இல்லாதவற்றின் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உறுப்பு) அதிவேகத் தோட்டாவுக்கு விரிசல் விடும்.

கையில் பணம் குறைவு என்றால் வின்செஸ்டர் 67 போன்ற ஒற்றைத் தோட்டா போல்ட் ரைஃபிள். போல்ட்டை மூடிய பிறகு பின்னால் உள்ள குமிழைக் கையால் இழுத்தால்தான் தயாராகும். கற்றுக்கொள்ள அதைவிட நல்லது இல்லை. ரெமிங்டன் 510, 511, 512 வரிசையும் நன்றாகச் சுடும், எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வின்செஸ்டர் 52 தனி உலகம். 1919இல் அறிமுகமாகி சுமார் அறுபது ஆண்டுகள் உற்பத்தியில் இருந்த டார்கெட் ரைஃபிள் அது. கனமான பேரலும் நல்ல பீப் சைட்டும் (சிறு துளை வழியே குறிபார்க்கும் அமைப்பு) உள்ள 52பி ஒன்றை ஒரு முறை சுட்டால், பழையது என்றால் துல்லியம் குறைவு என்ற எண்ணமே போய்விடும். 50 கஜத்தில் நல்ல தோட்டாவோடு அரை அங்குலத்தில் ஐந்து குண்டுகளை வைக்கும். பம்ப், லீவர்களிடம் ஓர் அங்குலத்தை எதிர்பார்ப்பதே நியாயம்.

தோட்டா விஷயத்தில் பொதுவாகப் பின்பற்றக்கூடியது: பழைய ரைஃபிளுக்கு ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (சாதாரண வேகத்) தோட்டா. 40 கிரெய்ன் குண்டு வினாடிக்கு சுமார் 1,070 அடி வேகத்தில் போகும். அதிவேகத் தோட்டா 1,250 அடியில் கிளம்பி, வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறும், குறுக்குக் காற்றிலும் அதிகம் ஒதுங்கும். அதிவேகத் தோட்டாவே 1930 வாக்கில்தான் பரவியது. ஸ்டீவன்ஸ் ஃபேவரிட் மாதிரியான சின்ன ஆக்ஷன்கள் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

நான்கைந்து பிராண்டுகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 கஜத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டுகள் கொண்ட ஐந்து குரூப் சுடுங்கள். பிராண்டு மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மேல் உள்ள மெழுகு மாறுவதால் பேரல் அதற்குப் பழக வேண்டும். ஒரு குரூப்பை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் தப்பான தோட்டாவைப் பெட்டி பெட்டியாக வாங்கிவிடுகிறார்கள். 50 கஜத்துக்கு சைட் வைத்தால், 100 கஜத்தில் குண்டு சுமார் 7 அங்குலம் கீழே விழும்.

தோட்டா வெடிக்கவில்லையா? முனையை இலக்கை நோக்கியே வைத்து 30 வினாடி காத்திருங்கள். வெளியே எடுத்து விளிம்பின் தழும்பைப் பாருங்கள். ஆழமான தழும்பு இருந்தும் வெடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் மருந்து பரவாமல் இருந்திருக்கலாம், வேறு பக்கம் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வெடிக்கும். தழும்பு மேலோட்டமாக இருந்தால் குற்றம் துப்பாக்கியில். முதலில் போல்ட்டைக் கழற்றி, பிசினாகிப்போன பழைய எண்ணெயை எடுங்கள். பாதிக் குறைகள் அங்கேயே தீரும். தீராவிட்டால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், அதற்குப் பின் ஃபயரிங் பின்னின் நுனி, அதன் பிறகே ஹெட்ஸ்பேஸ், அதாவது விளிம்பு உட்காரும் இடைவெளி. லாங் ரைஃபிளின் விளிம்பு அதிகபட்சம் 0.043 அங்குலத் தடிமன். போல்ட் முகத்துக்கும் பேரலுக்கும் இடைவெளி அதைவிட மிக அதிகமானால் அடி வலுவிழக்கும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்திப் பேரலுக்குள் பாருங்கள். உப்பிய பேரல்கள் எல்லாம் அடுத்த குண்டை அவசரப்பட்டுச் சுட்டதால் வந்தவை.

வீட்டில் டிரிக்கர் பயிற்சிக்குச் சுவரில் திருகு மாட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர், 4–6 எண் அளவு, .22 சேம்பரில் சரியாக உட்காரும். அடி வாங்கிய இடத்தை ஒவ்வொரு முறையும் சற்றுத் திருப்பிவைத்துப் பயன்படுத்தி, நசுங்கியதும் தூக்கிப் போடுங்கள்.

இன்றைய தோட்டா அரிக்காது, குண்டின் மெழுகு பேரலைக் காக்கவும் செய்கிறது. ஒவ்வொரு முறையும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதால் லாபமில்லை. குரூப் விரியும்போது சேம்பருக்கு அடுத்த சில அங்குலத்தில் ஈயத்தை எடுத்தால் போதும். முன்பக்கமிருந்து துடைத்தாக வேண்டிய மாடலில் குழல் வாய்க்கு கைடு இல்லாமல் ராடை விடாதீர்கள். குண்டிலும் பற்றவைப்பு மருந்திலும் ஈயம் இருப்பதால் சுட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டே சாப்பிடுங்கள்.

புதிதாக நீலப்பூச்சு போடாதீர்கள், துப்பாக்கியின் மரக்கட்டையைச் சாண்ட் பேப்பரால் தேய்க்காதீர்கள். இந்த இரண்டும் ஒரு மதியத்தில் மதிப்பை அழிப்பவை, திரும்பப் பெறவே முடியாது. மேல்துருவுக்கு எண்ணெயும் மிக நுண்ணிய வெண்கலக் கம்பளியும் போதும். திருகுகளின் பிளவுக்குப் பொருந்தும், நுனி இணையாகத் தீட்டிய ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்றை முதலிலேயே வாங்குங்கள். பிய்ந்த திருகுத் தலை, யாரோ தெரியாதவர் உள்ளே கை வைத்ததற்கு அடையாளம். ஸ்கோப் மாட்ட பிற்காலத்தில் துளைத்த ஓட்டைகள் சேகரிப்பு மதிப்பைக் குறைக்கும், ஆனால் சுடுவதற்கு வாங்கும் உங்களுக்கு அதுவே பேரம் பேச நல்ல வாய்ப்பு.

1968க்கு முந்தைய பல .22களில் தொடர் எண்ணே இருக்காது, அப்போது சட்டம் கேட்கவில்லை. எண் இல்லை என்பதற்காகத் திருட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம், அழிக்கப்பட்ட தடம் இருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். ரெமிங்டனில் 1921 முதல் பேரலின் பக்கத்தில் மாதத்துக்கு ஓர் எழுத்து, ஆண்டுக்கு ஓர் எழுத்து உண்டு. ஐம்பது ஆண்டு தாண்டிய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்குக் கூட்டாட்சி அரசு 'கியூரியோ அண்ட் ரெலிக்' என்ற தனி உரிமம் தருகிறது. வேறு மாநிலத்திலிருந்து வாங்கத் தொடங்கும்போது அது பெரிய வசதி. மாநிலச் சட்டம் தனியாக உண்டு, வாங்குமுன் அதைப் படியுங்கள். ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் .22க்கும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். ஆகவே சேகரிப்பை அங்கேயே வைத்துக்கொள்ளும் திட்டத்தோடு தொடங்குங்கள்.