சபா கச்சேரியைப் பதிவு செய்ய மிக்ஸர் அவுட் போதாதா? தனித்தனி டிராக் அவசியமா?

போதாது; ஒவ்வொரு மைக்கும் தனித்தனி டிராக்காகப் பதிவாக வேண்டும். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்ற வழக்கமான கச்சேரி, முந்நூறு பேர் உட்காரும் ஹால் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மிக்ஸரின் ஸ்டீரியோ அவுட் ஹாலுக்காகப் போட்ட கலவை. சின்ன ஹாலில் மிருதங்கம் மேடையிலிருந்தே காதுக்கு வந்துவிடும். அதனால் சவுண்ட்காரர் அதன் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசையை) தாழ்த்தி வைப்பார், அது சரிதான். அதையே பதிவு செய்தால் பாட்டு முகத்தில் அறையும், மிருதங்கம் பக்கத்து வீட்டில் வாசிப்பது போல இருக்கும். பிறகு எந்த ஈக்யூவாலும் (கனம், கூர்மையைத் திருத்தும் வசதி) மீட்க முடியாது.

டிஜிட்டல் மிக்ஸர் என்றால் வேலை சுலபம். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 போன்றவற்றில் ஒரே யுஎஸ்பி ஒயரில் 32 டிராக் லேப்டாப்புக்கு வரும். ஈக்யூ, ஃபேடர் இரண்டுக்கும் முன்னாலிருந்து எடுங்கள். அனலாக் என்றால் மைக் ஒலியை மிக்ஸருக்கும் பதிவுக்கும் பிரித்துத் தரும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்ப்ளிட்டர் வேண்டும். கண்டென்சர் மைக்குக்கு ஒயர் வழியே போகும் மின்சாரமான 48 வோல்ட் ஃபாண்டம் அதன் நேர் இணைப்புப் பக்கத்திலிருந்து மட்டும் போக வேண்டும்.

பதிவு கெடுவது பெரும்பாலும் மிருதங்கத்தில்தான். இரண்டு மைக் வையுங்கள். வலந்தலைக்கு (வலது முகம்) சின்ன கண்டென்சர் மைக், ஒரு சாண் தள்ளி, சோற்றை (நடுவிலுள்ள கருப்பு வட்டத்தை) நேராகப் பார்க்காமல் விளிம்பை நோக்கிச் சாய்த்து. தொப்பிக்கு (இடது முகம்) ஃபாண்டம் தேவைப்படாத டைனமிக் மைக், அரை அடி தள்ளி. வலந்தலையில் அடி விழுந்ததும் அந்தத் தோல் உள்ளே போகும். உள்ளிருக்கும் காற்று தொப்பித் தோலை வெளியே தள்ளும். மைக்குகள் எதிரெதிரே இருப்பதால் ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். அப்படியே கலந்தால் கனம் கரைந்து, அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கும். தொப்பி டிராக்கின் போலாரிட்டியைத் திருப்பி (அலையைத் தலைகீழாக்கி), இரண்டையும் மோனோவில், அதாவது ஒன்றாகக் கலந்து, கேளுங்கள். 'தீம்' எதில் நிறைந்து கார்வையோடு நிற்கிறதோ, அதை வையுங்கள்.

கெயினையும் (மைக் ஒலி உள்ளே வரும் அளவு) மிருதங்கத்தை நினைத்தே போடுங்கள். சவுண்ட் செக்கில் நாலு சொல் மெதுவாகத் தட்டிவிட்டுப் போவார்கள்; தனி ஆவர்த்தனத்தில் 6 முதல் 10 டெசிபெல் ஏறும். செக்கில் மீட்டரின் உச்சம் -18 டெசிபெலைத் தாண்டக் கூடாது; 0-வைத் தாண்டினால் ஒலி சிதையும்.

வயலினுக்கு பிரிட்ஜுக்கு மேலே ஒரு அடியில் மைக். வயலினிலேயே ஒட்டும் பிக்கப் மட்டும் எடுத்தால் வில்லின் கரகரப்பு வரும், மரத்தின் நாதம் வராது. கடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் காற்று அடிக்கும். சற்று மேலிருந்து பார்க்கட்டும். தம்பூராவுக்குத் தனி டிராக். ஒலி தாழ்ந்ததும் டிராக்கை மூடிவிடும் நாய்ஸ் கேட் எதிலும் போடாதீர்கள். பாட்டு மைக்கில் கசியும் சுருதி, பாடகர் நிறுத்தும் போதெல்லாம் அறுந்து அறுந்து வரும்.

ஹாலுக்கு முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் ஒரு ஜோடி கார்டியாய்டு மைக், 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி விரிவு. மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி சுமார் 29 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். ஆரம்பத்தில் மேடையில் ஒரு கைதட்டல் பதிவு செய்து, அதை வைத்து ஹால் டிராக்கை மேடை டிராக்குகளோடு பொருந்தும்படி நகர்த்துங்கள்.

'இரண்டே மைக்கில் அருமையான பதிவுகள் இருக்கின்றனவே' என்று கமெண்டில் யாராவது வருவார்கள். ஒலிபெருக்கி இல்லாத கச்சேரிக்கு அது உண்மை, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்பீக்கரும், கலைஞர்கள் பக்கம் திருப்பிய மானிட்டரும் அலறும் ஹாலில் அந்த இரண்டு மைக்கும் ஸ்பீக்கரைத்தான் பதிவு செய்யும். முந்நூறு பேருக்கு இவ்வளவு சத்தம் எதற்கு என்று எந்தச் சபாவும் யோசிப்பதில்லை. முதலில் மானிட்டரைக் குறைத்தாலே பாதிக் கசிவு போய்விடும். இதையெல்லாம் கட்டி மேய்த்துப் பதிவு செய்பவரின் பெயர் யூடியூபில் ஏறும்போது பெரும்பாலும் இருப்பதே இல்லை. புகைப்படக்காரர் பெயர் இருக்கிறது, அவருடையதும் இருக்க வேண்டும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் மணிக்கு 520 எம்பி பிடிக்கும். மேலே சொன்ன எட்டு டிராக், இரண்டரை மணி நேரத்துக்கு 10 ஜிபிக்கு மேல். லேப்டாப்புக்குப் பதில் ரெக்கார்டரின் மெமரி கார்டில் பதிவு செய்தால், கருவி ஏற்குமானால் அதை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய முறையான ஃபேட்32 ஒரு ஃபைலை 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. மிக்ஸர், லேப்டாப் இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் மிக்ஸர் அணைந்தால், லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் பதிவு நின்றுவிடும்.