மோதிய மின்சாரக் காரைத் தொடலாமா?

(வாசகர் கேள்வி – பதில். இந்த இதழில் பதில் சொல்பவர், தீயணைப்புப் படையினருக்கு விபத்து மீட்புப் பயிற்சி அளித்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: மின்சாரக் கார் மோதி நொறுங்கினால் பாடி முழுக்கக் கரன்ட் பாயும், தொட்டால் ஷாக் அடிக்கும் என்கிறார்கள். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருந்தால் நாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதானா?

நிற்காதீர்கள். கதவைத் திறந்து உதவுங்கள். இந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக் கரன்டில் ஒரு ஒயரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும், ஏனென்றால் அது நம் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய்விடும். காரின் பெரிய பேட்டரி அப்படி இல்லை. அதன் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயருமே பாடியோடு சேராமல் தனியாக ஓடுகின்றன. ஒரு ஒயர் நசுங்கிப் பாடியில் பட்டால்கூட மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லை. அதற்கு மேல், ஏர்பேக் வெடிக்கிற அளவுக்கு மோதினால், பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் கான்டாக்டர் என்கிற பெரிய ஸ்விட்சுகள் தாமாகவே திறந்து இணைப்பைத் துண்டித்துவிடும். அதன்பின் பேட்டரியிலிருந்து உயர் மின்னழுத்தம் அந்தப் பெட்டியைத் தாண்டி வராது.

ஒருமுறை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓட்டுநர் பக்கத்துக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருந்தவருக்குத் தொடையில் ஆழமான வெட்டு, ரத்தம் சீட்டிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நல்ல கூட்டம், ஆனால் எல்லோரும் பத்தடி தள்ளி நின்றார்கள். ஒருவர் மட்டும் நீளமான கட்டையால் கதவைத் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. கரன்டுக்குப் பயந்து நின்றவர்கள். மடித்த துணியை அந்தக் காயத்தில் வைத்து யாராவது அழுத்தியிருந்தால் போதும். அவர் பிழைத்துக்கொண்டார் என்றாலும், ஒரு தப்பான செய்தியால் அத்தனை ரத்தம் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

தொடக் கூடாதவையும் உண்டு. ஆரஞ்சு நிற ஒயர் வெளியே தெரிந்தால், அடியில் பேட்டரிப் பெட்டி கிழிந்து உள்பாகம் தெரிந்தால் அங்கே கை வைக்காதீர்கள். மின்கம்பம் சாய்ந்து அதன் கம்பி கார் மேல் கிடந்தால், அது பெட்ரோல் காராக இருந்தாலும் கிட்டே போகக் கூடாது. சார்ஜர் மாட்டியிருந்த காரில் வேறு வண்டி மோதியிருந்தால், முதலில் சார்ஜருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

கேள்வி: தீயணைப்புப் படையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் ஐயா. இந்த மாதிரி வண்டியில் கட்டர் வைக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சக்கரத்தைப் பார் தம்பி. சத்தம் இல்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. மோட்டார் ‘ரெடி’ நிலையில் இருந்தால், உள்ளே இருப்பவரின் கால் பெடலில் பட்டாலே வண்டி பாய்ந்துவிடும். அதனால் முன்னாலும் பின்னாலும் நிற்காமல் பக்கவாட்டிலிருந்து போய்ச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடு. பிறகு கியரைப் பார்க்கிங்கில் போட்டு, பவர் பட்டனை அணைத்து, சாவியை ஐந்து மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வை. சாவி ஓட்டுநரின் சட்டைப் பையிலேயே இருக்கும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியின் கான்டாக்டர்களை மூடிப் பிடித்திருப்பது இந்தச் சின்ன பேட்டரிதான். இதைத் துண்டித்தால் அவை திறந்துவிடும். ஆனால் அவசரப்பட்டு வெட்டிவிடாதே. சீட்டைப் பின்னால் நகர்த்த வேண்டுமா, கண்ணாடியை இறக்க வேண்டுமா, எல்லாவற்றையும் மின்சாரம் இருக்கும்போதே செய்துகொள். பல கார்களில் மீட்புப் படைக்கென்றே ஒரு மெல்லிய ஒயர் வளையம் வைத்திருப்பார்கள், பக்கத்தில் லேபிள் இருக்கும். அதை ஒரு இடத்தில் வெட்டினால் போதாது. இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை அசைக்கும்போது வெட்டிய முனைகள் உரசி மறுபடி இணைப்பு வந்துவிடலாம்.

இவ்வளவு செய்தாலும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் வடியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். டொயோட்டா தன் பிரியஸ் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த) காரின் மீட்புக் கையேட்டில், வண்டியை அணைத்தபின் உயர் மின்னழுத்தப் பகுதிக்கு 10 நிமிடம் வரையும் ஏர்பேக் அமைப்புக்கு 90 விநாடி வரையும் மின்சாரம் மிச்சம் இருக்கலாம் என்று சொல்கிறது. அந்த நேரத்தில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காயம் பட்டவரின் கழுத்தைப் பிடி, கண்ணாடியை எடு, பேச்சுக் கொடு.

வெட்டும் முன் உள்பக்க பிளாஸ்டிக்கை உரித்துப் பார். கூரை ஓரத்திலும் தூண்களிலும் பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் திரை ஏர்பேக்குக்கான வாயு உருளைகள் இருக்கும். அதன்மேல் கட்டர் பட்டால் வெடிக்கும். மின்சாரக் காரின் பேட்டரி பெரும்பாலும் தரை முழுக்கப் பரவிக் கிடக்கும். அதனால் தரையை வெட்டாதே. டாஷ்போர்டைத் தள்ள ஹைட்ராலிக் ராமை (எண்ணெய் அழுத்தத்தால் நீளும் தள்ளுதண்டை) ஊன்றும்போது அதன் அடி பேட்டரிப் பக்கம் அழுந்துகிறதா என்று ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஜாக்கியையும் பேட்டரிக்கு அடியில் வைக்கக் கூடாது.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: நீ எதை வெட்டினாலும் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி காலியாகாது.

கேள்வி: ஹைபிரிட்டில் பேட்டரி சின்னதுதானே, அப்போது ஆபத்தும் குறைவுதானே?

பேட்டரி சின்னது, மின்னழுத்தம் சின்னதல்ல. இரண்டாம் தலைமுறை பிரியஸில் பின்சீட்டுக்குப் பின்னால் 28 தொகுதிகள் கொண்ட நிக்கல் பேட்டரி, 201.6 வோல்ட். ஆளைக் கொல்ல அது போதும். கூடவே பெட்ரோல் டேங்கும் இருக்கிறது, நின்ற வண்டியில் எஞ்சின் தானாகவே உயிர்பெறவும் செய்யும். இரண்டு வகைக் கவனமும் தேவை.

கேள்வி: மோதிய மின்சாரக் கார் வாரக்கணக்கில் கழித்துத் தீப்பிடித்தது என்று படித்தேன். இது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. 2011-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு செவ்ரோலே வோல்ட் காரைப் பக்கவாட்டில் கம்பத்தில் மோதவைத்துச் சோதித்தது. அந்தக் கார் நிறுத்திவைத்த இடத்தில் மூன்று வாரம் கழித்துத் தீப்பிடித்தது. 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் மோதிய டெஸ்லா மாடல் எக்ஸ், அணைத்து அப்புறப்படுத்தி ஐந்து நாள் கழித்து மறுபடி எரிந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020 நவம்பரில் ஏற்றுக்கொண்ட அறிக்கை, இப்படி உள்ளேயே சிக்கிக்கொண்ட மின்சாரத்தால் மீட்புப் படையினருக்கு வரும் ஆபத்தைப் பற்றியது.

காரணம் இதுதான். பேட்டரிக்குள் இருக்கும் பல செல்களில் ஒன்று நசுங்கி உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அது சூடேறும், அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும். செல்லுக்குள் நடக்கும் ரசாயன வினையே சூட்டைக் கிளப்புவதால் நுரையால் மூடி ஒன்றும் ஆகாது. தண்ணீரால் குளிர்வித்துத்தான் அடக்க முடியும், அதுவும் ஏராளமாக வேண்டும். டெஸ்லாவின் கையேடு ஒரு காருக்கே 11,000 லிட்டருக்கு மேல் சொல்கிறது. அணைந்ததாகத் தெரிந்த பிறகும் வெப்பக் கேமராவால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டியைப் பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டிடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் படித்து மின்சாரக் காரே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்வீடனில் எடுத்த கணக்குப்படி, பெட்ரோல், டீசல் கார்களைவிட மின்சாரக் கார்கள் தீப்பிடிப்பது குறைவுதான். பிடித்தால் அணைக்கும் முறை வேறு, அவ்வளவுதான்.

விபத்து இடத்தில் உங்கள் காதையும் கண்ணையும் நம்புங்கள். வண்டிக்கு அடியிலிருந்து ‘உஸ்’ என்ற சீறலோ பட்பட்டென்ற வெடிப்போ கேட்டால், தரையை ஒட்டி வெள்ளைப் புகை கசிந்தால், அது நீராவி அல்ல. ஹைட்ரஜன் ஃபுளோரைடு கலந்த நச்சுப் புகை, தீப்பற்றவும் கூடியது. கழுத்தை அசைக்காமல் காத்திருக்க வேண்டும் என்ற விதி அப்போது பின்னுக்குப் போகட்டும். உள்ளே இருப்பவரை உடனே வெளியே இழுங்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகக் கொண்டுபோங்கள்.

கேள்வி: தண்ணீரில் மூழ்கிய மின்சாரக் காருக்கு அருகே நீந்திப் போகலாமா?

போகலாம். மேலே சொன்ன அதே காரணம்தான்: சுற்றியுள்ள தண்ணீரில் கரன்ட் பரவி நிற்காது. ஆபத்து பின்னால் வரும், அதிலும் உப்புத் தண்ணீர் புகுந்தால். 2022-இல் இயன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் பல, தண்ணீர் வடிந்த பிறகு எரிந்தன.

கேள்வி: புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறோம். அம்மாவும் குழந்தைகளும் பின்சீட்டில்தான் உட்காருவார்கள். நாங்கள் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியது என்ன?

நல்ல கேள்வி அம்மா. பாடிக்குள் மடங்கிப் பதிந்திருக்கும் கைப்பிடிகள் பல கார்களில் 12 வோல்ட் மின்சாரத்தால் இயங்குகின்றன. விபத்தில் அது போய்விட்டால் வெளியிலிருந்து திறக்க வராது. உள்ளே கையால் இழுத்துத் திறக்கும் நெம்புகோல் ஒன்று இருக்கும். முன்கதவில் எளிதாகக் கிடைக்கும், பின்கதவில் சில மாடல்களில் மிதியடிக்கு அடியிலோ கதவுப் பையின் அடித்தட்டிலோ ஒளிந்திருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. கையேட்டில் பார்த்து, ஒருநாள் நிறுத்திவைத்த காரில் அம்மாவையே இழுக்கச் சொல்லுங்கள். அவர் விரல் பலத்துக்கு அது வருகிறதா என்று தெரிந்துவிடும்.

கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்குவதற்கு முன், பக்கக் கண்ணாடி எந்த வகை என்று அதன் மூலையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி என்றால் அந்தச் சுத்தியலுக்கு விரிசல்தான் விடும், உதிராது.

அப்புறம் மீட்புத் தாள். பேட்டரி எங்கே, ஒயர் எப்படி ஓடுகிறது, எங்கே வெட்டலாம் என்று உங்கள் மாடலுக்கென்றே படமாகப் போட்ட தாள் அது. ஐஎஸ்ஓ 17840 என்ற உலகத் தரத்தில் நிறுவனங்கள் வெளியிடுகின்றன, கார்களை மோதவைத்துப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2020-இல் தொடங்கிய யூரோ ரெஸ்க்யூ செயலியில் இலவசமாகவே கிடைக்கும். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி சொல்லும் வழக்கப்படி, அதை அச்செடுத்து ஓட்டுநரின் வெயில் மறைப்பானுக்குப் பின்னால் செருகிவையுங்கள். அவசர எண்ணுக்கு யார் பேசினாலும் முதல் வாக்கியத்திலேயே ‘இது மின்சாரக் கார்’ என்று சொல்ல வேண்டும் என்று குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அதற்கேற்ற சாமான்களோடும் ஆட்களோடும் அவர்கள் கிளம்பி வர அது உதவும்.