வாசகர் கேள்விகள்: போலீசுக்கு முன்னால் யார் வர வேண்டும்?

கேள்வி: என் மகள் சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் படித்தாள். அங்கே யாராவது மனநிலை குலைந்து தெருவில் கத்திக்கொண்டிருந்தால், போலீசுக்குப் பதிலாக ஒரு வேனில் ஆலோசகர்கள் வருவார்கள் என்று சொல்வாள். கையில் லத்திகூட இல்லாத இரண்டு பேர் இதைச் சமாளிப்பார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை

பதில்: உங்கள் மகள் சொன்னது உண்மை. 'வைட் பேர்ட்' என்ற இலவச மருத்துவ நிலையம் 1989-இல் 'கஹூட்ஸ்' என்ற பெயரில் அந்தச் சேவையைத் தொடங்கியது. அந்தப் பெயரில் ஒரு கிண்டல் உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் 'கள்ளக் கூட்டு' என்று பொருள். காவல்துறையை நம்பாத மக்களிடையே வளர்ந்த நிலையம் அதே காவல்துறையோடு கைகோத்ததால் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது.

வேனில் மருத்துவ உதவி தெரிந்தவர் ஒருவரும், நெருக்கடியில் இருப்பவரிடம் பேசப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் சென்றார்கள். துப்பாக்கியும் விலங்கும் கைதுசெய்யும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்ததில்லை. நீங்கள் நம்ப மறுப்பது இந்த இடத்தில்தான் என்றால், விடை வேனில் இல்லை, தொலைபேசி எடுப்பவரிடம் இருக்கிறது. அவசர அழைப்பு வந்ததும், ஆயுதம் இருக்கிறதா, யாரையாவது தாக்கினாரா, குற்றம் ஏதும் நடந்ததா என்று கேட்டறிந்து, இல்லை என்று தெரிந்தால் மட்டுமே வேனை அனுப்பினார்கள். 2019-இல் அவர்களுக்கு வந்த அழைப்புகள் ஏறத்தாழ 24,000. அவற்றில் அவர்கள் போலீஸ் துணை கேட்டவை நூற்றுக்கு இரண்டைத் தாண்டவில்லை.

போலீஸ் போனால் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். சீருடை, சைரன், உரத்த குரலில் கட்டளை ஆகியவை திருடனைப் பணியவைக்க உருவானவை. காதுக்குள் வேறு குரல்கள் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கட்டளை எட்டாமல் போகலாம்; எட்டினாலும் அது தன்னைக் கொல்ல வந்தவர்களின் குரலாகவே படலாம். அவர் கீழ்ப்படியாததை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு பலத்தைக் கூட்டினால், அவரது அச்சமும் கூடும். 2020 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் டேனியல் புரூட் என்பவர் மனநிலை குலைந்து வீட்டை விட்டு வெளியேறியபோது, உதவி வேண்டும் என்று போலீசை அழைத்தவர் அவருடைய சொந்த அண்ணன். பனி பெய்யும் இரவில் ஆடையின்றி நின்றவருக்கு விலங்கு மாட்டி, தலையில் உறையிட்டுத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். மூச்சு நின்று, ஒரு வாரத்தில் மருத்துவமனையில் இறந்தார்.

டென்வர் நகரம் 2020 ஜூனில் 'ஸ்டார்' என்ற பெயரில் இதே போன்ற வேனை இறக்கியது. முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளுக்குச் சென்றார்கள், ஒருவர்கூடக் கைதாகவில்லை.

கேள்வி: இவ்வளவு நல்ல திட்டம் என்றால், யூஜீனில் அது ஏன் நின்றுபோனது?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: பணம்தான் காரணம். நிலையத்தின் நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் அந்நகரில் சேவை நின்றது. இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நகருக்கு வரும் அழைப்புகளில் 17 விழுக்காட்டைத் தாங்களே கையாள்வதாக நிலையம் சொல்லிவந்தது. ஆனால், போலீஸ் எப்படியும் சென்றிருக்க வேண்டிய அழைப்புகளை மட்டும் கணக்கிட்டால் அந்த விகிதம் மிகக் குறைவு என்று நகரக் காவல்துறை காட்டியது. எனக்கு இரண்டு கணக்கிலும் முரண்பாடு தெரியவில்லை. குளிரில் கிடக்கும் ஒருவரைப் பார்க்க முன்பு யாருமே போகாமல் இருந்து, இப்போது ஒரு வேன் போனால், அதனால் காவல்துறையின் வேலை குறையாது. ஆனாலும் அது வேலைதான்.

கேள்வி: என் 26 வயது மகனுக்கு மனச்சிதைவு நோய். மருந்தை நிறுத்தியதால் ஒரு நாள் பாத்திரங்களை வீசிக் கத்தினான். பக்கத்து வீட்டார் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டார்கள். காக்கி உடையைப் பார்த்ததும் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டான். என் தம்பி தனியாக மேலே போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி இறக்கிக் கூட்டிவந்தான். அடுத்த முறை நான் யாரை அழைப்பது?
– ஒரு தாய், திருச்சி மாவட்டம்

பதில்: அம்மா, யூஜீனில் பயிற்சி கொடுத்துச் செய்வித்ததை உங்கள் தம்பி பயிற்சியில்லாமலே செய்திருக்கிறார். கூட்டத்தை விலக்குவது, ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசுவது, அவர் சொல்வது பொய் என்று வாதிடாமல் இருப்பது, வெளியேறும் வழியை மறிக்காமல் சற்றுத் தள்ளி உட்காருவது ஆகியவைதான் அந்த வேலையின் பெரும்பகுதி.

அப்படி வீடு தேடி வரும் வேன் நம்மிடம் பரவலாக இல்லை. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் இலவசமாக ஆலோசகரிடம் பேசலாம். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல 108-ஐ அழைக்கலாம். கையில் கத்தி இருந்தாலோ, யாருடைய உயிருக்காவது ஆபத்து இருந்தாலோ போலீசை அழைக்கத் தயங்காதீர்கள். அப்போது முதல் வாக்கியத்திலேயே 'இவர் மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், ஆம்புலன்சும் வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள். அவர் தெருவில் திரிந்து போலீசின் பாதுகாப்புக்குள் வந்தாலும், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. இதைச் சொல்லும் பிரிவு 100-ஐ ஒரு தாளில் எழுதி மருந்துச் சீட்டோடு வைத்திருங்கள்.

அதே சட்டத்தின் பிரிவு 14, தனக்காகப் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளும் உரிமையை உங்கள் மகனுக்குத் தருகிறது. அதை வெள்ளைத்தாளில் எழுதி அவர் கையெழுத்திட வேண்டும்; நியமிக்கப்படுபவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், மாமாவின் பெயரை எழுத விருப்பமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.