எட்வர்டுக்குக் கேட்காத ஒரே மனசு

“பத்தாவது படிக்கும் என் மகள் ‘ட்வைலைட்’ வரிசையை விடாமல் படிக்கிறாள். ரத்தம் குடிக்கிறவன் மேல் ஒரு பெண்ணுக்குக் காதல் வருவதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

காதலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்த ரத்தம் குடிக்கும் நாயகன் எட்வர்ட் கல்லன் தன்னைச் சுற்றியிருக்கும் எல்லோருடைய மனதிலும் ஓடுவதைக் கேட்கக்கூடியவன். வகுப்பிலோ தெருவிலோ யார் என்ன நினைத்தாலும் அவன் காதுக்கு வந்துவிடும். கதாநாயகி பெல்லா ஒருத்தியின் மனசு மட்டும் கேட்காது. அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் அவன் வாயைத் திறந்து அவளிடமே கேட்டாக வேண்டும். என்னைக் கேட்டால் அந்த நாவலின் வசியம் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

நான் வளர்ந்தது வேலூர் கொசப்பேட்டைப் பக்கம். டியூஷன் விட்டு வர கொஞ்சம் தாமதமானால், யாரோடு பேசிக்கொண்டு நின்றேன் என்ற சேதி எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருக்கும். எதிர்வீட்டுப் பெரியம்மா முகத்தைப் பார்த்தே “இன்னாடி, மார்க்கு கொறஞ்சிச்சா?” என்பார். என் பையை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், என் நோட்டை யார் வேண்டுமானாலும் புரட்டலாம். எனக்கென்று மிச்சம் இருந்தது தலைக்குள் ஓடியதுதான்; அதிலும் பாதியை அம்மா கண்டுபிடித்துவிடுவார். அப்படி வளர்கிறவள் கையில், உலகத்தையே ஒட்டுக்கேட்கிறவனாலும் எட்டிப்பார்க்க முடியாத மனசுக்காரி ஒருத்தியின் கதை கிடைத்தால் கீழே வைப்பாளா?

இன்னொன்று, நம்ம ஊர்ப் பேய்க் கதையை நினைத்துப் பாருங்கள். உச்சி வெயிலில் தலையில் பூவோடு புளியமரத்தடியில் போகாதே என்று எங்கள் ஆயா மிரட்டிக்கொண்டே இருப்பார். நம்ம பேய் யாருடைய சம்மதத்தையும் கேட்காது, பிடித்துவிடும். அப்புறம் வேப்பிலை, உடுக்கை, பூசாரி. அந்தப் பெண் என்ன சொன்னாலும் பேய் பேசுகிறது என்றுதான் கணக்கு. எட்வர்டுக்கோ உயிரியல் வகுப்பில் பெல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுமே அவள் ரத்த வாசம் தாங்கவில்லை, அங்கேயே கொன்றுவிடத் தோன்றுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து ஓடுகிறான். அவன் தன்னை மறந்தால் அவள் உயிர் போய்விடும் என்பதால் முதல் பாகம் முழுக்கப் பேச்சாகவே போகிறது. பக்கம் பக்கமாகக் கேள்விகள், பதில்கள். ஓர் ஆண் தன் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்பதை உங்கள் மகள் வேறெங்கே பார்த்திருப்பாள், சொல்லுங்கள்.

மழையையும் விட்டுவிடக் கூடாது. பெல்லா வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸிலிருந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எப்போதும் மழை தூறிக்கொண்டிருக்கும் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊருக்கு வருகிறாள், வந்து அந்த மழையைத் திட்டுகிறாள். அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறியும் அனல் துப்பும் வேலூர் மே மாதத்தில் இதைப் படித்த எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வரன் என்று பார்த்தாலும் எட்வர்டைத் தட்டிக்கழிக்க முடியாது. 1901-ல் பிறந்தவன், பதினேழு வயதோடு நின்றுபோனவன், அதனால் பழைய காலத்துப் பையன். கல்யாணம் முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று பிடிவாதம் பிடிக்கிறவன் அவன்தான், அவளல்ல. மனித ரத்தம் தொடாமல் விலங்கு ரத்தம் மட்டும் குடிப்பதால் அவன் குடும்பம் தங்களை வேடிக்கையாக சைவம் என்று சொல்லிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தப் பொரியலுக்கு வரிசையில் நிற்கிற நமக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது?

என் ஓட்டு ஆனால் எட்வர்டுக்கு இல்லை, அவனுக்கு அப்பா ஸ்தானத்தில் இருக்கும் டாக்டர் கார்லைலுக்கு. 1918-ல் சிகாகோவில் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்த எட்வர்டை, அவன் தாய் கேட்டுக்கொண்டதற்காகத் தன் இனமாக மாற்றியவர். ரத்தம் குடிக்கும் பிறவி, நாள் முழுக்க ரத்தத்தின் நடுவே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியே பிழைப்பு நடக்கும் ஊர்க்காரிக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா? (அதே 1918-ல்தான் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் இங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். நாவலைப் படிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.)

எரிச்சலூட்டும் இடங்களும் உண்டு. பழக ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே எட்வர்ட் ராத்திரியில் ஜன்னல் வழியாக அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் தூக்கத்தில் பேசுகிறவள், அதைக் கேட்கிறான். அதாவது கதவு பூட்டியிருந்த அந்த ஒரே மனசையும் கொல்லைப்புறமாக ஒட்டுக்கேட்கிறான். அவள் அப்பா அந்த ஊர் போலீஸ் அதிகாரி, அவருக்கே தெரியவில்லை! வெயில் காலத்தில் பாய் விரித்துக் குடும்பமே மொட்டை மாடியில் படுக்கும் எங்கள் வீட்டில் அவன் என்ன செய்திருப்பானோ. மூன்றாம் பாகத்தில், அவள் தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்று அவள் வண்டி எஞ்சினின் ஒரு பாகத்தையே கழற்றி வைக்கிறான். பள்ளி வயதில் இதெல்லாம் எனக்கு அக்கறையாகத்தான் தெரிந்தது. உங்கள் மகளுக்கும் அப்படித்தான் தெரியும். நம் அம்மாக்கள் படித்த மாத நாவல்களில் முறைத்துக்கொண்டே கையைப் பிடித்து இழுக்கும் பணக்காரக் கதாநாயகனை யார் குறை சொன்னார்கள்? அந்த வழக்கம் அமெரிக்காக்காரர் கொண்டுவந்ததல்ல.

ஆனால் கடைசிப் பாகம் வரை போனால் கணக்கு நேராகிறது. 2005-ல் தொடங்கி 2008-ல் முடிந்த நான்கு பாகங்கள். அந்த நான்காம் பாகத்தின் முடிவில், தன் மனசைச் சுற்றியிருக்கும் திரையைத் தானே விலக்கக் கற்றுக்கொண்டு, முதல் தடவையாக அவனை உள்ளே விடுகிறாள் பெல்லா. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவளாக விரும்பித் திறக்கிறாள். கல்யாணம், குழந்தை எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் அவர்களுடைய காதல் காட்சி.

இதே கதையை எட்வர்ட் சொல்வதாக 2020-ல் ‘மிட்நைட் சன்’ வந்தது. ஆசையாக வாங்கினேன், பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் படித்தேன். அவன் தலைக்குள் போனால் எந்நேரமும் புலம்பல்.

அதனால் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள், முதல் பாகத்தை நீங்களும் படியுங்கள். அந்த ஜன்னல் விஷயத்தைப் பற்றியும் வண்டி விஷயத்தைப் பற்றியும் அவளிடம் பேசுங்கள், கண்டிப்பாகப் பேச வேண்டியவை அவை. மற்றபடி எந்த இடத்தில் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறாள், ஏன் என்றெல்லாம் கிளறாதீர்கள். இரண்டாம் பாகத்தில் எட்வர்ட் விட்டுவிட்டுப் போனதும் வெறும் மாதப் பெயர் மட்டும் அச்சிட்ட பக்கங்கள் வரும். அதை அச்சுப் பிழை என்று நினைத்துக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.